கதைக்கு எந்தச் சொல்?

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகுகிறேன். சொல்வளம் போதாது என்கிறார்கள் நண்பர்கள். அகராதி படித்தால் சரியாகுமா? எங்கள் ஊர்ச் சொற்கள் வெளியூர் வாசகருக்கு விளங்குமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தாராளமாகப் படியுங்கள், 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியைப் புரட்டத் தொடங்கினால் பொழுது போவதே தெரியாது. ஆனால், அங்கே பொறுக்கிய அருஞ்சொல்லை ஒரு கமக்காரரின் வாயில் திணித்தால் கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும். 'காட்டில் பெரிய மரங்கள் நின்றன' என்று எழுதுபவரைவிட, பாலை, வீரை, முதிரை என்று பிரித்து எழுதுபவரையே காட்டுக்குள் போய்வந்தவர் என்று வாசகர் நம்புவார். இரணைமடுக் குளம் 'நிரம்பி வழிந்தது' என்றால் அது வெறும் செய்தி. 'வான் பாய்ந்தது' என்றால், கீழே வயல் செய்திருப்பவரின் பயமும் அந்தச் சொல்லோடு கூடவே வந்துவிடுகிறது.

விளங்காதே என்று அஞ்சி அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. "சூடு மிதிக்க உழவு இயந்திரம் வரப் பிந்தியதால், வெட்டிக் குவித்த கதிரை மழை நனைத்துவிடுமோ என்று அவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்" என்று எழுதிப் பாருங்கள். சூடு என்றால் என்ன என்று மதுரையிலிருப்பவரும் கேட்கமாட்டார். அகராதிக்குப் போகுமுன், உங்கள் கதையிலுள்ள 'மிகவும்', 'அழகான' போன்றவற்றை வெட்டிவிட்டு, ஒவ்வொரு வினைச்சொல்லையும் வாய்விட்டு வாசித்துச் சரிபாருங்கள்.