பழைய திகில் காமிக்ஸில் ரசிக்க என்ன இருக்கிறது?

பேய்க் கதைதானே, இதில் கலை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். கதை இருக்கட்டும், முதலில் மையைப் பாருங்கள். வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட்ட கட்டிலிருந்து நான் உருவிய இதழில் ஒரு கட்டம்: கதவிடுக்கில் நாலு விரல், மீதியெல்லாம் கறுப்பு. பேயையே வரையவில்லை. அந்த வேலையை நம் தலையில் கட்டிவிட்டார் ஓவியர்!

1950களில் அமெரிக்காவின் ஈ.சி. காமிக்ஸ் இதில் கில்லாடி. ஏழெட்டுப் பக்கத்தில் கதை முடியும். செய்த வினை கடைசிக் கட்டத்தில் செய்தவனிடமே திரும்பும். அங்கே வசனத்தை முதலில் எழுதிவிட்டு, மிச்ச இடத்தில்தான் படம். அதனால் வளவளவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரைந்த கிரஹாம் இங்கல்ஸின் பிணங்களுக்காகவே பொறுக்கலாம். சதை அப்படியே சொட்டும்.

1954இல் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதி வந்து ஈ.சி.யின் திகில் கடையைச் சாத்த வைத்தது. 1964இல் வாரன் நிறுவனம், அந்த விதி செல்லாத பத்திரிகை அளவில், கறுப்பு வெள்ளையில் மறுபடி ஆரம்பித்தது. கறுப்பின் அழகுக்கு நான் சிபாரிசு செய்வது இவற்றைத்தான்.

அப்புறம், பக்கம் திருப்பும் இடத்தைக் கவனியுங்கள். வலது பக்கக் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும். யார் என்று தெரிய விரலை நனைக்க வேண்டும்.