காலை சிகரெட், படபடப்பு, நிக்கோட்டின் சூயிங்கம்

எழுந்ததும் டீயோடு சிகரெட், உடனே படபடப்பு, பிபி 150/95. சிகரெட்டைக் கைவிட உதவும் சூயிங்கமிலும் நிக்கோட்டின்தானே, அதுவும் இதயத்துக்கு ஆபத்தில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இழுத்த 10–20 வினாடியில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். அட்ரினலின் சுரந்து நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10–15 கூடும், ரத்தக்குழாய்கள் சுருங்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயத்தின் உழைப்பு கூடிய நேரத்தில் அதற்கு ஆக்சிஜன் குறைகிறது, இதுதான் ஆபத்து.

சூயிங்கமில் அந்தப் புகை இல்லை, நிக்கோட்டினும் மெதுவாகத்தான் ஏறும். எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவர்களுக்கு வழக்கமாக 4 மி.கி. நிக்கோட்டின் உள்ள சூயிங்கம் தேவைப்படும். காரம் தெரியும்வரை மெல்லுங்கள், பிறகு கன்னத்தில் ஒதுக்குங்கள்; சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். விடாமல் மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல் வரும்; பலர் சூயிங்கமைக் கைவிடுவது இதனால்தான். டீ குடித்து 15 நிமிடம் கழித்தே வாயில் போடுங்கள்.

ஆனால் படபடப்பு இருப்பதால் முதலில் ஈசிஜி எடுத்து, டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். பிபி பார்க்குமுன் அரை மணி நேரம் சிகரெட், டீ வேண்டாம். 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். நெஞ்சு அழுத்தி வியர்த்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.