பேரேட்டில் லாபம், கையில் காசில்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் கரூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். திரைச்சீலை, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்யும் உள்ளூர் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவிலும், சென்னையிலுள்ள பெரிய நிறுவனம் ஒன்றில் இணையவழியிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எதில் சேரலாம்? ஒரு மாதத்தில் அங்கே என்னதான் கற்றுக்கொள்ள முடியும்?

பதில்: கரூரிலேயே சேருங்கள். இணையவழிப் பயிற்சிகள் அனைத்தும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வணிகவியல் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, ஒரு ரூபாய் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எத்தனை நாளில் போய்ச் சேருகிறது என்பதைத்தான். பில் போடுபவரும் வங்கிக்குப் போய்வருபவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் சிறிய நிறுவனத்தில் அதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிடலாம்.

எடுத்துக்காட்டாக, உங்கள் நிறுவனத்துக்கு 7,60,000 ரூபாய்க்கு ஓர் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூல், சாயம், நெசவுக் கூலி, தையல், பேக்கிங் எல்லாம் சேர்த்துச் செலவு 7,00,000 ரூபாய். வகுப்பறைக் கணக்கில் லாபம் 60,000 ரூபாய் என்று எழுதிக் கோடு போட்டுவிடுவோம். ஆனால் கூலி ஒவ்வொரு சனிக்கிழமையும் கொடுத்தாக வேண்டும். நூல் வியாபாரி ஒரு மாதத்தில் பணம் கேட்பார். வெளிநாட்டு வாடிக்கையாளரோ சரக்கு கப்பலேறி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் அனுப்புவார். இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கு அந்த 7,00,000 ரூபாயை வங்கியில் ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டும் 21,000 ரூபாய். லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காத்திருந்த நாட்களுக்கே போய்விடுகிறது. சரக்கைத் தயாரித்து அனுப்புவதற்காக ஏற்றுமதியாளர்கள் முன்கூட்டியே வங்கியில் வாங்கும் பேக்கிங் கிரெடிட் என்ற கடன் எதற்காக இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

அடுத்தது ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த வரியைப் பாடமாகப் படித்திருப்பீர்கள். அலுவலகத்தில் அது நாட்காட்டியாக வரும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்கள் மறுமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும், 20ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். நூல் விற்றவர் தன் பில்லை நேரத்துக்கு ஏற்றாவிட்டால், நீங்கள் அவருக்குக் கொடுத்த வரி விற்றவர்கள் ஏற்றிய பில்களைத் தொகுத்து 14ஆம் தேதி உருவாகும் 2பி அறிக்கையில் வராது. வராததை உள்ளீட்டு வரியாக, அதாவது வாங்கும்போதே கொடுத்த வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிக்கவும் முடியாது. எனவே 11ஆம் தேதிக்கு முன்பே அவருக்குப் போன் போட்டு நினைவூட்டுவதும் கணக்குப் பிரிவின் வேலைதான். ஏற்றுமதி விற்பனையை எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் செய்யலாம் என்றாலும், நூலுக்குக் கட்டிய வரியை விண்ணப்பித்துத்தான் திரும்பப் பெற வேண்டும். அதுவரை அதுவும் முடங்கிய பணம்தான்.

பாக்கி கேட்பதை அருகில் இருந்து கவனியுங்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை. அனுபவமுள்ள கணக்காளர் எடுத்த எடுப்பிலேயே பணத்தைக் கேட்க மாட்டார். சரக்கு நல்லபடியாக வந்ததா, பில்லில் ஏதும் திருத்தம் உண்டா என்று விசாரித்து, சாக்குச் சொல்ல இடமில்லாமல் செய்துவிட்டு, அதன் பிறகுதான் தேதியைக் கேட்பார். அவருக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ (பேங்க் ரேட்) என்ற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி சேரும். சட்டம் இப்படி இருந்தும் வியாபார உறவு கெட்டுவிடுமே என்று பலர் வட்டி கேட்பதில்லை. அது ஏன் என்று உங்கள் முதலாளியிடமே கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

நான் மாணவனாக இருந்தபோது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதம் முழுக்க வவுச்சரையும் பில்லையும் ஒப்பிட்டு டிக் போடும் வேலைதான் செய்தேன். சலிப்பாக இருந்தது உண்மை. ஆனால் ஒரே லாரி வாடகை இரண்டு முறை பற்று எழுதப்பட்டிருந்ததை மூன்றாம் வாரத்தில் கண்டுபிடித்த அன்றுதான், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தாள் ஏன் இருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. நீங்களும் சிறிய வேலை என்று எதையும் ஒதுக்காதீர்கள். வங்கிக் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் மட்டும் உங்களிடம் ஒப்படைக்க முன்வந்தாலும் பணிவாக மறுத்துவிடுங்கள்.

கேள்வி: மதுரையில் பி.பி.ஏ. படிக்கும் என் மகனிடம், ‘அரசுத் திட்டத்தில் இன்டர்ன்ஷிப்’ என்று சொல்லி 4,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை அவர்கள் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்றால், அந்தத் திட்டம் முழுநேரப் படிப்பில் இருப்பவர்களுக்கானதே அல்ல. அதில் விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தினால் அது பயிற்சி வகுப்பு. அதை அந்தப் பெயரிலேயே மதிப்பிட்டு, தேவையா என்று முடிவு செய்யுங்கள். உங்கள் தெருவிலுள்ள மருந்து மொத்த வியாபாரியிடமோ ஆடிட்டரிடமோ மகனே நேரில் போய்க் கேட்டால் செலவில்லாமல் இடம் கிடைக்க வாய்ப்புண்டு.

கேள்வி: திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போகிறேன். மாதம் 3,000 ரூபாய் தருகிறார்கள். முதல் மாதமே கையில் எதுவும் மிஞ்சவில்லை. எப்படிச் சேமிப்பது? (மாணவி)

பதில்: வேலைக்குப் போய்வர ஆகும் செலவை முதலில் தனியே எழுதுங்கள். ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு 40 ரூபாய், மதியச் சாப்பாட்டுக்கு 60 ரூபாய் என்றால், 24 நாட்களுக்கு 2,400 ரூபாய். ஆக உங்கள் உண்மையான வருமானம் 600 ரூபாய்தான். சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பி அதில் போய்வந்தால் 960 ரூபாய் மிச்சமாகிறது. அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அது 5 ஆண்டுக் கணக்கு என்பதால், பயிற்சி முடிந்த பிறகும் உங்களால் கட்ட முடிகிற தொகையை மட்டும் அதில் எழுதிக் கொடுங்கள்.