சின்ன மீன் வேறு, மீன்குஞ்சு வேறு

கேள்வி: ஏப்ரல், மே மாதம் மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்கள். ஆனால் எங்கள் மார்க்கெட்டில் அப்போதும் வஞ்சிரம் கிடைக்கிறதே, எப்படி? அதை வாங்குவது தப்பா? (வாசகி, அம்பத்தூர்)

பதில்: தப்பே இல்லை, தாராளமாக வாங்குங்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவை கரையில் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகுகள் வழக்கம்போல் போய்வரும். அப்புறம், மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்குகிறது, அதனால் அதற்கு முன்பு கேரளா பக்கமிருந்து ஐஸ் போட்டு லாரியில் மீன் வந்து இறங்கிவிடும்.

எனக்கு வருத்தம் தடை முடிந்த பிறகு நடப்பதில்தான். ஒரு ஜூன் மாதக் கடைசியில் காசிமேடு போயிருந்தேன், கூடையில் 'குட்டி வஞ்சிரம், வறுத்தா அப்படியே கரையும்' என்று அடுக்கி வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் அரை முழம்தான் இருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன் அது, அந்த அளவில் ஒரு தடவைகூட முட்டையிட்டிருக்காது. மீனவர்கள் இரண்டு மாதம் வருமானமில்லாமல் காத்திருந்ததே குஞ்சுகள் வளரட்டும் என்றுதானே? விசைப்படகுகள் கடலில் இழுத்துப்போகும் இழுவைமடி வலையில் பெரிசு, பொடிசு எல்லாம் சேர்ந்துதான் ஏறும், விலைபோகாத பொடிசு கோழித்தீவனத்துக்குப் போய்விடும். அதையும் நாம் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தால் வலைக்கண்ணை இன்னும் சிறிதாக்கத்தான் தோன்றும்.

கேள்வி: அப்படியானால் நெத்திலி சாப்பிடுவதும் பாவமா? (வாசகர், கடலூர்)

பதில்: இல்லவே இல்லை! நெத்திலி விரல் நீளத்திலேயே முழுதாக வளர்ந்த மீன். அது சின்ன மீன், குட்டி வஞ்சிரம் மீன்குஞ்சு, இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும். மத்தி, கானாங்கெளுத்தி எல்லாம் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகுபவை, விலையும் குறைவு, நான் வாரம் ஒருமுறை மத்திக் குழம்புதான் வைக்கிறேன். ஆனால் அவற்றிலும் குஞ்சு உண்டு. மத்தி 10 செ.மீ., கானாங்கெளுத்தி 14 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது என்று கேரளா 2015இல் அளவு வைத்தது. பிள்ளைகளின் 15 செ.மீ. ஸ்கேல் ஒன்று வீட்டில் இருக்கும், மார்க்கெட் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரம்மா முதல்நாள் சிரிப்பார், சிரிக்கட்டும், 'இதைவிடப் பெரிசு வந்தா எடுத்து வைங்கம்மா' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.