பாதி குவார்ட்டர் எவ்வளவு?

கேள்வி: வயது 47. துணிக்கடையில் மேலாளராக இருக்கிறேன். பத்து வருடங்களாகத் தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் பாதி குவார்ட்டர் பிராந்தி. அதற்கு மேல் தொட்டதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். போன மாதம் ஸ்கேனில் ‘கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1’ என்று வந்தது. இரத்தப் பரிசோதனையில் கோளாறு இல்லை. அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்கிறார் நண்பர். எனக்குப் பயமாக இருக்கிறது.

மருத்துவர் பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். குவார்ட்டர் 180 மி.லி.; பாதி 90. பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே பொடி எழுத்தில் இருக்கும். ஆக, தினமும் உள்ளே போவது சுமார் 30 கிராம் சுத்த ஆல்கஹால். வாரத்துக்கு 210. பிரிட்டனில் வாரத்துக்கு 112 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். அதுவும் கண்ணளவு பாதி என்றால் நம்ப முடியாது. என்னிடம் வரும் ஒருவர், பேத்தியின் இருமல் மருந்து மூடியால் அளந்து பார்த்தார். அவருடைய ‘பாதி’ 110 மி.லி. இருந்தது. (பீருக்கு மாறலாமா என்று கேட்பீர்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் 40 கிராம் இருக்கிறது.)

நண்பர் சொல்வது அடியோடு கட்டுக்கதை அல்ல. கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பழைய ஆய்வுகள் காட்டின. ஆனால் அவற்றில் ‘குடிக்காதவர்கள்’ வரிசையில், நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் நின்றார்கள். அவர்களைப் பிரித்துப் பார்த்தபோது அந்த நன்மை பெரும்பாலும் கரைந்துவிட்டது. இரத்த அழுத்தம் ஏறுவதும், வாய், உணவுக்குழாய், பெருங்குடல், கல்லீரல் புற்றுநோய்களுக்கான அபாயம் கூடுவதும் கரையவில்லை. 2023-இல் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டது.

இரத்தப் பரிசோதனையைக் காட்டி உங்களைத் தேற்ற மாட்டேன். எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்த அளவு) சரியாக இருக்கும்போதே கல்லீரலில் கொழுப்பு படியும், தழும்பும் விழும். கொழுப்பில் உங்கள் சர்க்கரைக்கும் பங்கு உண்டு. மதுவும் சர்க்கரையும் கூட்டுச் சேர்ந்திருப்பதுதான் கவலை. வெறும் வயிற்றில் குடிப்பது வேறு ஒரு வம்பு. கல்லீரல் ஆல்கஹாலைக் கவனிக்கும் நேரத்தில் சர்க்கரை தயாரிப்பதைக் குறைத்துவிடும். மாத்திரையும் சேரும்போது தாழ்சர்க்கரை வரலாம்.

ஆனால் கிரேடு 1 என்பது லேசான கொழுப்பு; பழைய நிலைக்குத் திரும்பி வரக்கூடிய இடம். மதுவால் படிந்த கொழுப்பு, நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். குறைக்கிறேன் என்று பேரம் பேசாமல் மூன்று மாதம் முழுதாக நிறுத்துங்கள். பிறகு ஸ்கேன் எடுப்போம். முதல் சில நாட்கள் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். உங்கள் அளவுக்கு அதற்கு மேல் போவது அபூர்வம். இருந்தாலும் முதல் மூன்று நாட்களில் கை நடுக்கமோ, கொட்டும் வியர்வையோ, குழப்பமோ வந்தால் வீட்டிலேயே தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். வலிப்பு வரை போகலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போனதும் பத்து வருடக் கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.