வளைகாப்புக்கு முன்னால் டை அடிக்கலாமா?

கேள்வி: ஆறாம் மாதம் நடக்கிறது, அடுத்த மாதம் வளைகாப்பு. வகிட்டில் நரை பளிச்சென்று தெரிகிறது. டையே கூடாது என்கிறார் அம்மா. மாமியாரோ ஹெர்பல் கருப்பு மெஹந்தி பாக்கெட் வாங்கி வைத்துவிட்டார். கடைக்காரர், அமோனியா இல்லாதது என்று விலை கூடிய ஒன்றை எடுத்து நீட்டுகிறார். எதை வாங்குவது? கை கால் முடிக்கு க்ரீம் போடலாமா?

பதில்: டை அடித்தால் குழந்தைக்கு ஆகாது என்ற பயம்தான் உங்கள் வீட்டில் பெரிதாக இருக்கிறது, ஆனால் தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவு. முதல் மூன்று மாதம் மட்டும் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம், அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். அலர்ஜிதான் நிஜமான தொல்லை, அது வந்தால் உங்களுக்குத்தான் வரும்.

அந்த அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் பாரா ஃபினைலீன் டையமின் என்ற சாய ரசாயனம், சுருக்கமாக பிபிடி. மாமியார் வாங்கிய பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மருதாணி இலை, நெல்லிக்காய், செம்பருத்திப்பூ படமெல்லாம் இருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் இந்தப் பெயரும் இருக்கலாம். அசல் மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும், அரை மணியில் கன்னங்கரேல் என்று ஆகிறது என்றால் அந்தக் கருப்பு நிறம் மருதாணியில் இருந்து வரவில்லை. பிபிடி உள்ள டையில் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்திலும் இமையிலும் தடவினால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது இங்கே சட்டம். உட்பொருள் பட்டியலே இல்லாத பாக்கெட்டைத் தொடவே வேண்டாம்.

கடைக்காரர் சொல்வதும் பாதிதான். அமோனியா இல்லை என்றால் மூக்கைத் துளைக்கும் நெடி குறையும், மசக்கை இன்னும் விடாதவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் அதற்குப் பதில் எத்தனாலமைன் மாதிரி வேறொன்று போட்டிருப்பார்கள், பிபிடியும் உள்ளே அப்படியே இருக்கலாம். அந்த வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என்னைக் கேட்டால் மருதாணிப் பொடி போட்டு அலசிவிட்டு, அதன்மேல் அவுரிப் பொடி போடுங்கள். நேரம் இழுக்கும், கருப்பாகவும் பிடிக்கும். இரண்டும் கலப்படமில்லாததா என்று மட்டும் பட்டியலில் பாருங்கள். அவ்வளவு பொறுமை இல்லையா, சரி, சாதாரண டையே போடலாம், ஆனால் இரண்டு நாள் முன்பே முழங்கை மடிப்பில் துளி தடவிப் பாருங்கள். போன வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்று இதை விடாதீர்கள், பலமுறை போட்ட பிறகும் அலர்ஜி கிளம்பும். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விடாமல் அலசிவிடுங்கள்.

அப்புறம், பார்லரில் வளைகாப்பு என்று வாயைத் திறந்தாலே ஸ்மூத்தனிங், கெரட்டின் என்று ஆரம்பிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த மருந்துகள் பலவற்றில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ஆவியாக வரும்.

முடி நீக்கும் க்ரீமில் இருப்பது தையோகிளைகோலேட். முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைக் கரைப்பதுதான் அதன் வேலை, நம் மேல்தோலிலும் இருப்பது கெரட்டின்தான், அதனால்தான் ஐந்து பத்து நிமிடத்துக்குள் துடைக்கச் சொல்கிறார்கள். குழந்தையைப் பாதிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் இந்த மாதங்களில் தோல் சட்டென்று சிவக்கும், நாற்றமும் குமட்டும். ஷேவிங் ரேசர் மலிவு, மருந்துச் சமாச்சாரமே இல்லை. புருவத்துக்கு த்ரெடிங், கை காலுக்கு வாக்ஸிங் எல்லாம் செய்யலாம், மெழுகு சூடாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லேசர் மட்டும் பிரசவத்துக்குப் பிறகு. வயிற்றில் புதிதாக முளைத்த முடியை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் பிறகு தானாக உதிர்ந்துவிடும்.

எது வாங்கினாலும் பில்லையும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது டாக்டரிடம் காட்ட அந்த அட்டை வேண்டும். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல பில் வேண்டும்.