பெரியம்மாவின் கூலியை எங்கே எழுதுவது?

அம்பத்தூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் உங்கள் தம்பி, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசி வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு 14 லட்சம். அதில் 10 லட்சம் வங்கிக் கடன், மீதி 4 லட்சத்துக்கு உங்கள் நகை. மகளோ, "எனக்கு அது வேண்டாம், விவசாயக் கணக்கு மாதிரி ஏதாவது படிக்கிறேன்" என்று பிடிவாதமாக இருக்கிறாள். இரண்டு பக்கமும் பேசிப் பேசி உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அட்வான்ஸ் கட்டச் சொல்லி நாள் குறித்துவிட்டார்கள் என்கிறீர்கள். ஆறுதல் சொல்ல இது நேரமில்லை. அந்த சீட்டை வாங்காதீர்கள் என்றுதான் சொல்ல வந்தேன்.

முதலில் பணம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஒன்றரை ஏக்கர். அதைப் பெரியப்பா உழுகிறார். ஆக, கடன் என்று உங்கள் தம்பி சொல்வது நிலப் பத்திரத்தை வங்கியில் வைப்பதைத்தான். 10 லட்சத்தை பத்தரை சதவீத வட்டியில் பத்து வருடம் கட்டினால் மாதத் தவணை சுமார் 13,500 ரூபாய். படிக்கும் நான்கு வருடத்து வட்டியும் சேர்ந்தால் தவணை இன்னும் ஏறும். உங்கள் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாங்கும் சம்பளத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைத்ததும் மகள் கட்டிவிடுவாள் என்பது தம்பியின் நம்பிக்கை. கிடைக்கத் தாமதமானால் யார் கட்டுவது? அவர் கையெழுத்துப் போடப்போவதில்லை, நீங்கள்தான் போடப்போகிறீர்கள்.

இரண்டாவது, யாருமே உங்களுக்குச் சொல்லாத ஒரு விஷயம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது. 2021-இல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அப்படிச் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இதை நீங்களே கைகழுவுகிறீர்கள். பொறியியல்தான் வேண்டும் என்று அவளே முடிவு செய்தாலும் கலந்தாய்வு வழியாகப் போகட்டும். தரகர் வழியாக வேண்டாம்.

சரி, இப்போது மகளைப் பற்றிப் பேசலாம்.

"படிக்காமல் இப்படி ஏதோ கிறுக்கி வைத்திருக்கிறாள்" என்று சொல்லி நோட்டுப் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்களே, அவற்றை நிதானமாகப் படித்தேன். லீவில் ஊருக்குப் போனவள் பெரியப்பாவின் நவரைப் பருவ நெல்லுக்கு ஆன செலவை எழுதியிருக்கிறாள். உழவு, விதைநெல், நடவுக் கூலி, உரக்கடைப் பாக்கி, அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்கு வாடகை, கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர் வாடகை, எல்லாம் தனித்தனி வரி. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: "பெரியம்மா களை எடுத்த கூலியை எங்கே எழுதுவது? யாரும் கொடுக்கவில்லையே."

அம்மா, இது கிறுக்கல் இல்லை. நாட்டின் நெல் விலை இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. மத்திய அரசின் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் ஒவ்வொரு வருடமும் இதே கணக்கைப் போட்டுத்தான் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கிறது. கையிலிருந்து கொடுத்த செலவை ஏ2 என்கிறார்கள். வீட்டு ஆட்கள் கூலியில்லாமல் பார்த்த வேலைக்கு ஒரு மதிப்புப் போட்டு அதோடு கூட்டுகிறார்கள். பெரியம்மாவின் களைக்கூலி அங்கேதான் வருகிறது. 2025-26 பருவத்துக்கு ஒரு குவிண்டால் நெல்லுக்கு இப்படி வந்த செலவு 1,579 ரூபாய்; அதற்கு மேல் பாதியைச் சேர்த்து சாதாரண ரக நெல்லுக்கு 2,369 ரூபாய் என்று விலை வைத்தார்கள். தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ஆக்கியது. சொந்த நிலத்துக்கு உரிய குத்தகை மதிப்பையும் முதலுக்கு உரிய வட்டியையும் சேர்த்தால் வருவது சி2. எந்தச் செலவின் மேல் பாதியைக் கூட்ட வேண்டும் என்பதில்தான் விவசாயச் சங்கங்களுக்கும் அரசுக்கும் பல வருடமாக இழுபறி. இந்தக் கணக்குக்காக ஊர் ஊராகக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, வருடம் முழுக்க வரவு செலவைக் குறிக்கும் வேலையைத் தமிழ்நாட்டில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் செய்கிறது. யாரும் கேட்காமலே ஒரு வீட்டுக்கு உங்கள் மகள் அதைச் செய்திருக்கிறாள்.

இந்தத் துறைக்கு வேளாண் பொருளியல் என்று பெயர். டாக்டர், இன்ஜினியர், ஆடிட்டர் வழிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. இதைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லாததால் நான் விரிவாகச் சொல்கிறேன்.

"விவசாயத்தில் என்ன இருக்கிறது, நாட்டு வருமானத்தில் அதன் பங்கு தேய்ந்துகொண்டே போகிறது" என்று உங்கள் தம்பி சொன்னாராம். எண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது பொய்யில்லை. இந்தியாவின் மொத்த மதிப்புக் கூட்டலில் வேளாண்மையின் பங்கு ஏறக்குறைய 18 சதவீதம்தான். ஆனால் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலை செய்கிறவர்களில் 46.1 சதவீதம் பேர் அதில்தான் இருக்கிறார்கள். அந்த 18 எப்படி வருகிறது என்றும் பார்க்க வேண்டும். விளைந்ததன் மதிப்பிலிருந்து விதை, உரம், டீசல் செலவைக் கழித்தபின் மிஞ்சுவது மட்டுமே வேளாண்மைக் கணக்கில் ஏறும். கரும்பு வயலில் இருக்கும் வரை விவசாயம். நெல்லிக்குப்பம் ஆலைக்குள் போய்ச் சர்க்கரையானால் தொழில்துறை. அதை ஏற்றிப்போன லாரி போக்குவரத்துக் கணக்கில், உரக்கடை வணிகத்தில், பயிர்க்கடன் வட்டி நிதித்துறையில். கணக்கில் பிழையில்லை, ஒன்றையே இரண்டு முறை எண்ணக்கூடாது என்பதற்காக அப்படிப் பிரிக்கிறார்கள். ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் மழை பொய்த்த வருடம் அரிசி ஆலை, ஜவுளிக்கடை, நகைக்கடை, டிராக்டர் டீலர் எல்லாருக்கும் வியாபாரம் படுக்கும். அந்த இணைப்பை ஒரு சதவீத எண்ணில் பார்க்க முடியாது. அதைத் தேடிக் கணக்கெடுத்து, ஒரு மாவட்டத்தின் பொருளாதாரத்தில் விவசாயம் உண்மையில் எவ்வளவைத் தாங்குகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாகப் பயிற்சி எடுப்பதுதான் இந்தப் படிப்பு.

இதில் சென்னைக்கு உரிமை அதிகம். இன்று கோவையில் இருக்கும் வேளாண் கல்லூரியே 1868-இல் சைதாப்பேட்டையில் முளைத்தது. 1906-இல்தான் கோவைக்குப் போனது. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களை விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதி வரச் சொன்னார். 1916-இல் அப்படிக் கணக்கெடுத்த ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. உங்கள் ஊர்ப் பக்கம்தான். உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். அதே ஊரை 1930-களில், 1961-இல், 1981-இல், 2008-இல் என்று ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி போய்க் கணக்கெடுத்தார்கள். 1981-இல் போனது அடையாறில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். 2008-இல் போனவர்களில் ஒருவரான ஜெ. ஜெயரஞ்சன் பிறகு மாநிலத் திட்டக்குழுவின் துணைத்தலைவரானார். கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு ஒரே ஊரின் நிலம், கூலி, பிழைப்பு எப்படி மாறியது என்ற கணக்கு நம்மிடம் இருக்கிறது. மகளிடம் இதைச் சொல்லுங்கள். லீவில் ஊருக்குப் போய் நோட்டுப் போட்ட முதல் பிள்ளை அவள் இல்லை என்று தெரிந்தால் தைரியம் வரும்.

வேலைக்கு வருகிறேன். விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான நபார்டு வங்கி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வருடந்தோறும் ஒரு கடன் வளத் திட்டம் தயாரிக்கிறது. இந்த மாவட்டத்தில் பயிர்க்கடன் எவ்வளவு போகும், கறவை மாட்டுக்கு எவ்வளவு, குளிர்பதனக் கிடங்கு எங்கே வேண்டும் என்று அதில் இருக்கும். வங்கிகள் தங்கள் கடனில் 18 சதவீதத்தை விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டின் தலைமையகமும் சென்னையில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு வயலையும் கணக்கையும் ஒருசேரப் புரிந்தவர்கள் வேண்டும். வேளாண் பட்டதாரிகளுக்கென்று வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணி தனியாக இருக்கிறது. நபார்டு அதிகாரித் தேர்வை, உரிய மதிப்பெண் இருந்தால், எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவரும் எழுதலாம். அதில் பொருளாதார, சமூகப் பிரச்சினைகளும் வேளாண்மை, ஊரக வளர்ச்சியும் பாடங்கள். தமிழ்நாடு தேர்வாணையம் புள்ளியியல் சார்நிலைப் பணிக்குத் தேர்வு நடத்துகிறது. புள்ளியியல் துறையினர்தான் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, எடைபோட்டு மகசூலைக் கணிக்கும் பயிர் அறுவடைச் சோதனையோடு சம்பந்தப்பட்டவர்கள். பயிர்க் காப்பீட்டு இழப்பீடு பெரும்பாலும் அந்த எடையை வைத்து வருகிறது. மேலே படித்தால் ஆராய்ச்சி, கற்பித்தல். பொருளியலில் முதுநிலை முடித்தால் மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வும் எழுதலாம். தனியாரில் சர்க்கரை, உரம், காப்பீட்டு நிறுவனங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. அங்கே தொடக்கச் சம்பளம் உங்கள் தம்பியின் கம்பெனி கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். அரசுத் தேர்வுகளுக்கு ஒன்றிரண்டு வருடம் பொறுமை வேண்டும். வெயிலில் அலைய வேண்டும். அவளிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வழி இரண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு இப்போதே விண்ணப்பம் போடுங்கள். ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நுழைவுத்தேர்வு கிடையாது. இளநிலை வேளாண்மை கிடைத்தால் நல்லது. வேளாண் வணிக மேலாண்மை என்ற படிப்பும் அங்கே உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. கணக்கில் ஆசையுள்ள இவளுக்கு அது நன்றாகப் பொருந்தும். முதுநிலையில் வேளாண் பொருளியலுக்குப் போகலாம். ரேங்க் எட்டவில்லை என்றால் சென்னையிலேயே மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் பொருளியலோ புள்ளியியலோ சேரட்டும். கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் கணக்குக்கு வரும். அங்கிருந்தும் நபார்டு, புள்ளியியல், பொருளாதாரப் பணி மூன்றுக்கும் வழி இருக்கிறது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேளாண்மை என்ற பெயரைக் கேட்டதும் தனியார் வேளாண் கல்லூரியில் லட்சக்கணக்கில் சீட் பேச ஆரம்பிக்காதீர்கள். பொறியியல் சீட் விற்கும் அதே தரகர்கள் அதையும் விற்கிறார்கள். இந்தப் படிப்புக்காகவும் அந்தப் பத்திரம் வங்கிக்குப் போகக்கூடாது.

உங்கள் தம்பியிடம் சண்டை போட வேண்டாம். அவர் பார்த்த ஒரு வழியில் அவர் பிழைத்தார். அக்கா மகளும் அப்படிப் பிழைக்கட்டும் என்ற பாசம்தான் இது. ஆனால் நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கப்போவது அவள். "சொந்தக்காரர்கள் முன்னால் வயல்வேலைப் படிப்பு என்று எப்படிச் சொல்வது" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு அரிசி அந்த ஒன்றரை ஏக்கரிலிருந்து வருகிறது அம்மா. அதைச் சொல்ல என்ன கூச்சம்?

வருகிற சனிக்கிழமை காலை மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று மூன்றையும் எடுத்து வாருங்கள். கடைசிச் சான்றுக்குத்தான் நாள் பிடிக்கும். நாளைக்கே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். அதுவரை அட்வான்ஸ் என்று யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்புறம், அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். புது மோட்டார் வாங்கிய செலவை ஒரே பருவத்தில் முழுதாகக் கழித்திருக்கிறாள். அதைப் பல வருடத்துக்குப் பிரித்துப் போட வேண்டும். எப்படி என்று சொல்லித் தருகிறேன்.